சந்தன பேக் போடப் போறீங்களா? முதல்ல பவுடரைப் பாருங்க!

30 ரூபாய் சந்தனப் பவுடர் பாக்கெட்டை முகத்தில் பூசுவதற்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மறையூர், திருப்பத்தூர் அரசு டிப்போ ஏலத்திலேயே நல்ல சந்தனக்கட்டை கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அப்போ அந்த பாக்கெட்டில் இருப்பது? பெரும்பாலும் வேறு ஏதோ மரத்தூள், கலர், சென்ட். அரிப்பும் தடிப்பும் வர அந்த சென்ட் ஒன்றே போதும்.

சந்தனத்தின் மணம் மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதியில்தான் இருக்கு. வெளிப்பக்க வெள்ளைக் கட்டையில் வாசமே இருக்காது. அசல் வாசனை மென்மையா இருக்கும், ஆனா மணிக்கணக்கில் நிற்கும். பாக்கெட்டைப் பிரித்ததுமே மூக்கைத் துளைச்சா சந்தேகப்படுங்க. பாட்டி வீட்டுச் சந்தனக்கல் பரணில் கிடக்குதா? எடுத்துக் கழுவுங்க. பில்லோடு வாங்கிய சின்னக் கட்டையை அதில் இழைத்துக்கொள்வதுக்குத்தான் என் ஓட்டு. எண்ணெய் வழியும் முகம்னா தண்ணிக்குப் பதில் பன்னீர் விட்டு இழைங்க. வறண்ட முகம்னா பால். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம், வெயிலில் போனால் எரிச்சலும் கருமையும்தான் மிச்சம்.

முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுங்க. அசல் சந்தனமும் சிலருக்கு ஒத்துக்காது. பிரச்னை இல்லைன்னா வாரம் ஒரு முறை, 10 நிமிடம். இறுகி வெடிக்கும்வரை காயவிடாமல் ஈரத்தோடயே கழுவி, உடனே மாய்ஸ்சரைசர் போடுங்க.

ஒண்ணு, சந்தனம் உங்க நிறத்தை மாற்றாது. சீழ் வைத்த பருவுக்கும் இது மருந்தில்லை. அதுக்கு ஸ்கின் டாக்டரைத்தான் பார்க்கணும்.