'அறுபதுலதாம்மா வர்றேன்!' - அந்த இருபது கிலோமீட்டர் என்ன செய்யும் தெரியுமா?

"எங்கடா இருக்க?" என்று அம்மா போனில் கேட்டால், நம்மில் பலரிடம் ரெடியாக ஒரு பதில் இருக்கும். "வந்துட்டே இருக்கேன்மா... மெதுவாதான், அறுபதுலதான்!" (வண்டியை ஓரம் கட்டிட்டுத்தான் பேசுறீங்கன்னு நம்புவோம்.)

அறுபது நிஜமாகவே மெதுவா? ஸ்பீடாமீட்டரில் பார்த்தால் முள் பாதியில்தான் நிற்கிறது. பக்கத்தில் ஒருத்தர் எண்பதில் பறக்கிறார். அதனால் அறுபது நமக்கு 'சேஃப்' என்று தோன்றுகிறது. ஆனால், பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' பாடத்தை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனோமே... அந்த பிசிக்ஸ் இதை ஒப்புக்கொள்ளாது. நம்பலைன்னா, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு தெரு. இரண்டு பைக்குகள் பக்கத்துல பக்கத்துல வருகின்றன. ஒரே மாடல், ஒரே டயர், ஒரே பிரேக். ஒன்று 40 கி.மீ. வேகத்தில், இன்னொன்று 60-ல். சரியாக 22 மீட்டர் தூரத்தில், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ரோட்டுக்குள் ஓடி வருகிறது. இரண்டு பேரும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள். இரண்டு பேருமே பிரேக் பிடிக்கிறார்கள்.

40-ல் வந்தவர் குழந்தைக்கு அரை மீட்டர் முன்னால் நின்றுவிடுகிறார். நெஞ்சு படபடக்கும், குழந்தையின் பாட்டி நாலு திட்டு திட்டுவார். அவ்வளவுதான்.

60-ல் வந்தவர்? 'லேசா இடிச்சிருப்பாரு, ஒரு 20 கி.மீ. வேகத்துல' என்றுதான் பலரும் யூகிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு சொல்வது வேறு. அவர் குழந்தையை இடிக்கும்போது அவருடைய வேகம் சுமார் 53 கி.மீ. கிட்டத்தட்ட பிரேக்கே பிடிக்காத மாதிரி!

எப்படி? கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கு சுமாராக ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வண்டி பழைய வேகத்திலேயேதான் ஓடுகிறது. 40-ல் அது 11 மீட்டர். 60-ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆக, 60-ல் வந்தவருக்கு பிரேக் பிடிக்க மிச்சம் இருப்பது வெறும் 5 மீட்டர். காய்ந்த ரோட்டில், நல்ல டயர் இருந்தால், நன்றாக பிரேக் பிடிப்பவருக்கு ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 22 கி.மீ. அளவுக்கு வேகம் குறையும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. மழையிலோ, வழுக்கை டயரிலோ நிலைமை இன்னும் மோசம். சரி, 50-ல் வந்திருந்தால்? அப்பவும் 35 கி.மீ. வேகத்தில் இடித்திருப்பார்.

செல்போனை மூன்று நொடி குனிந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே நீங்கள் போட்டுக்கொள்ளலாம். 60-ல் மூன்று நொடி என்றால் 50 மீட்டர், கண்ணை மூடிக்கொண்டு.

ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டே கால் மடங்கு!

40-க்கும் 60-க்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால், வண்டிக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்குங்கள், இரண்டே கால். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் அதே கணக்கில்தான் நீளும்.

இதை எண்களாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. உயரமாகச் சொன்னால் ஏறும். 40 கி.மீ. வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் 14 மீட்டர், நாலரை மாடிக்கும் மேல். 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. ஈ.சி.ஆர்-ல் ஃப்ரெண்ட்ஸோடு போகும்போது '100 தொட்டேன் மச்சி' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோமே, அது 13 மாடி. மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் உட்காரச் சொன்னாலே நமக்குக் கால் கூசும். ஆனால், பதிமூன்றாவது மாடியின் விளிம்பில் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்துகொண்டு பாட்டு கேட்டபடி போகிறோம். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை. பிரச்னையே அதுதான்.

பிரேக் பிடிக்கும்போது இந்த ஆற்றல் எங்கே போகிறது? சூடாகிறது. உங்களையும் சேர்த்து 200 கிலோ இருக்கும் ஒரு பைக்கை 60-லிருந்து ஒருமுறை நிறுத்தினால் வரும் வெப்பம், ஒரு சின்ன டீ கிளாஸ் தண்ணீரைக் கிட்டத்தட்ட கொதிக்க வைக்கப் போதும். நீண்ட தூரம் ஓட்டிட்டு வந்ததும் டிஸ்க்கைத் தொடாதீங்க என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பலவும் இந்த ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் வழியாக பேட்டரிக்கே திருப்பி அனுப்புகின்றன. டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது அவை கொஞ்சம் கூடுதல் தூரம் தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

முன் பிரேக் பயம்

எனக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த சித்தப்பா முதல் நாளே சொன்ன வேதவாக்கு: "முன் பிரேக்கைத் தொட்டுடாத, குப்புறத் தள்ளிடும்." காலேஜ் படிக்கும்போது ஒரு தூறல் நாளில், திடீரென்று நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் நான் பின் பிரேக்கை மட்டும் ஏறி மிதித்தேன். சக்கரம் சுற்றுவதை நிறுத்தியது. வண்டி நிற்கவில்லை. வால் பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போய், முட்டியும் ஜீன்ஸும் கிழிந்தன. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பிரேக் பிடித்ததும் நிலைமத்தால் நம் உடம்பும் வண்டியும் முன்பக்கம் சாய்கின்றன. பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சரிகிறோமே, அதேதான். எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போய்விடும். பின் சக்கரம் லேசாகிவிடும். சக்கரம் ரோட்டை எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுதான் உராய்வு. அப்படியென்றால், வண்டியை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு பின் பிரேக்கை மட்டும் நம்புவது, வலது கை இருக்கும்போது சுண்டுவிரலால் குடம் தூக்குகிற மாதிரி.

சித்தப்பா சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், அல்லது திருப்பத்தில், மணலில் பிடித்தால் முன் சக்கரம் லாக் ஆகி, பேலன்ஸ் போய்விடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை படிப்படியாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். யாரும் இல்லாத மைதானத்திலோ, காலி ரோட்டிலோ 20, 30 கி.மீ. வேகத்தில் பழகிப் பாருங்கள். ஆபத்து வரும்போது மூளை யோசிக்காது, பழகிய கை என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும்.

ஏ.பி.எஸ் செய்வதும் இந்த வேலைதான். உருளும் டயருக்கு இருக்கும் பிடிப்பு, இழுபடும் டயருக்கு இல்லை. சக்கரம் லாக் ஆகப்போகிறது என்று சென்சார் கண்டுபிடித்ததும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், ஒரு நொடிக்குள் பலமுறை. லிவர் அப்போது விரலில் துடிக்கும். வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி-க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். பல பைக்குகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்துக்கும் ஒரு வரி. அதே வளைவை 30-க்குப் பதில் 40-ல் எடுத்தால், டயருக்குத் தேவைப்படும் பிடிப்பு கிட்டத்தட்ட 78 சதவிகிதம் கூடும். இங்கேயும் அதே இருமடிதான்.

தெருமுனைக் கடைக்கு எதுக்கு ஹெல்மெட்?

கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்போம் இல்லையா? புத்தகத்தில் 'கணத்தாக்கு' என்று ஒரு தலைப்பில் படித்திருப்பீர்கள். பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டினால், கையில் விழும் விசை குறையும். ஹெல்மெட், சீட் பெல்ட், ஏர்பேக் என்று எதை எடுத்தாலும் அது செய்வது இந்த ஒரே வேலையைத்தான்.

'பக்கத்துக் கடைக்குத்தானே, மெதுவாதானே போறேன்' என்பதற்கு பிசிக்ஸில் ஒரு பதில் இருக்கிறது. பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது நம் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சும்மா சாய்ந்து விழுந்தாலே, அந்த உயரத்திலிருந்து தலை சுமார் 20 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். வண்டி எவ்வளவு மெதுவாகப் போனது என்பது இதற்குக் கணக்கே இல்லை. விழும் வேகத்தைத் தீர்மானிப்பது உயரம்.

வெறும் தலை சிமென்ட் தரையில் பட்டால், நிற்பதற்கு அதற்குக் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். 3 மில்லிமீட்டர் என்று வைத்தால், தலையின் எடையைப்போல 500 மடங்கு விசை. ஹெல்மெட்டுக்குள் தெர்மகோல் மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறதே, அது நசுங்கி 25 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால், 60 மடங்காகக் குறைகிறது. உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நுரை! வெளியே இருக்கும் பளபள ஓடு, விசையைப் பரப்பிவிடவும், கூரான எதுவும் உள்ளே குத்தாமல் இருக்கவும்தான்.

அந்த நுரை ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது. அதனால் பலமாக விழுந்து அடிபட்ட ஹெல்மெட், பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. ரோட்டோரத்தில் தொப்பி கனத்துக்கு விற்பதில் இந்த நுரையே இருக்காது, வெறும் ஸ்பாஞ்சும் துணியும்தான். ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் நமக்கு முன்னால் ரோட்டில் உருண்டு போய்விடும், நிலைமம் அதற்கும் உண்டு. பின்னால் உட்காரும் அம்மாவின் தலையும் அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு நேராக லாரியில் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டால், 13 மாடிக் கணக்குக்கு இரண்டு சென்டிமீட்டர் நுரை போதாது என்பதுதான் நேர்மையான பதில். அங்கே காப்பாற்றக்கூடியது, முன்னாடியே குறைத்த வேகம் மட்டுமே.

'அந்தக் காலத்து கார்தான் கார்!'

காருக்கு வருவோம். 'இப்ப வர்ற காரெல்லாம் டப்பா மாதிரி நசுங்குது, அம்பாஸடர் இரும்புடா' என்று சொல்லும் பெரியப்பா எல்லோர் வீட்டிலும் இருப்பார். நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது அது, பெரியப்பா! முன்பக்கம் நசுங்க நசுங்க, உள்ளே இருப்பவருக்கு நிற்க நேரம் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2009-ல், 1959-ம் வருட செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ம் வருட செவர்லே மாலிபூவையும் சுமார் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தார்கள். பழைய காரில் டிரைவர் உட்காரும் இடமே நொறுங்கிப்போனது. புது காரில் முன்பக்கம் நசுங்கியது, உள்ளே இடம் அப்படியே இருந்தது.

பின் சீட்டில் பெல்ட் எதற்கு என்ற கேள்விக்கு, 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணித்தது விலை உயர்ந்த பென்ஸ் கார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் தெரிவித்தது. கார் நின்றாலும், பெல்ட் போடாத உடம்பு காரின் பழைய வேகத்தில் முன்னால் போய்க்கொண்டேதான் இருக்கும்.

குழந்தையை மடியில் வைத்து 'நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்' என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். எந்த அப்பாவாலும் முடியாது. குழந்தைகளுக்கான தனி சீட் ஆடம்பரப் பொருள் இல்லை.

நாளைக்குக் காலையில் ஆபீஸ் போகும்போது இதைச் செய்து பாருங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தையோ, சைன் போர்டையோ தாண்டியதும் மனசுக்குள் 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு' என்று எண்ணுங்கள். மூன்று முடிவதற்குள் நீங்களும் அதே கம்பத்தைத் தாண்டிவிட்டால், ரொம்ப நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் ஐந்து வரை எண்ணுங்கள். நடுவில் ஒரு ஆட்டோ கண்டிப்பாக நுழையும். பரவாயில்லை, அந்த ஆட்டோவை வைத்து மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்.