இடிச்சா திரும்பக் கட்ட முடியாது! கோட்டை, கோவில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு 100 மீட்டர் சட்டம்

தாத்தா காலத்து ஓட்டு வீடு. மழை வந்தால் நாலு இடத்தில் ஒழுகுது. பையனுக்குக் கல்யாணம் பேசியாச்சு, தனியா ஒரு ரூம் வேணும். "பழசை இடிச்சுத் தள்ளிட்டு கீழே, மேலேன்னு எடுத்துடலாம், ஆறு மாசத்துல சாவி" என்கிறார் மேஸ்திரி. நகை அடகுக்குப் போகிறது. கடப்பாரை வீட்டுக்கு வருகிறது.

பக்கத்தில் மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் கோவிலோ கோட்டையோ இருந்தால், அந்தக் கடப்பாரையைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதல் 100 மீட்டருக்குள் இருக்கும் வீட்டை இடித்துவிட்டால், அதே இடத்தில், அதே அளவில்கூட திரும்பக் கட்ட சட்டத்தில் வழி இல்லை!

எந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி? காஞ்சீபுரம் கைலாசநாதர், வைகுண்ட பெருமாள் கோவில்கள், மாமல்லபுரம், தஞ்சை பெரிய கோவில், தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோவில், வேலூர் கோட்டை, செஞ்சிக் கோட்டை, திருமயம் கோட்டை, திண்டுக்கல் கோட்டை... பட்டியல் நீளம். கோவில் பெரிசு என்பதற்காக மட்டும் இந்தச் சட்டம் வராது. மதுரை மீனாட்சி அம்மன் கோவில் அறநிலையத் துறையிடம் இருக்கிறது, அது வேறு கணக்கு. மத்திய தொல்லியல் துறை போர்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கு என்ன?

சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை "தடை செய்யப்பட்ட பகுதி". அதற்கு அடுத்த 200 மீட்டர் "ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி". ஆக மொத்தம் 300 மீட்டர். இதை 1992 ஜூன் 16ந்தேதி அறிவித்தார்கள். நடுவில் கமிட்டி வைத்து சிலருக்கு விலக்கு கொடுத்தார்கள். அது செல்லாது என்று 2009ல் டெல்லி ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. 2010 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு இனி அனுமதியே கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டது.

அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். தெருவைச் சுற்றி நடந்து போகும் தூரமும் இல்லை, நேர்கோட்டுத் தூரம். "கோவிலுக்குப் போக அஞ்சு நிமிஷம் ஆகுமே" என்பது இங்கே எடுபடாது.

ரிப்பேரா, கட்டடமா?

1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்றால், 100 மீட்டருக்குள்ளும் ரிப்பேர், புதுப்பிப்பு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டம் கொடுக்கும் விலக்கு இவ்வளவுதான். ஓடு மாற்றுவது, உளுத்த உத்திரத்தை மாற்றுவது, சுவர் பூச்சு, தரை போடுவது மாதிரி வேலைகள் இதில் அடங்கும். இதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். சும்மா ஆரம்பிக்கக் கூடாது.

மேலே ஒரு மாடி ஏற்றினாலும், பக்கவாட்டில் ஒரு ரூம் இழுத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது "கட்டுமானம்". 100 மீட்டருக்குள் நடக்காது. பழைய நீள, அகல, உயரத்திலேயே திரும்ப எழுப்பினால் அது "மறுகட்டுமானம்". இதற்கு அடுத்த 200 மீட்டரில்தான் விண்ணப்பிக்க முடியும். "நான் ஒரு அடிகூட கூட்டலியே, இருந்த வீட்டைத்தானே கட்டுறேன்" என்று முதல் 100 மீட்டரில் இருப்பவர் சொன்னால் பிரயோஜனம் இல்லை. அங்கே சுவர் நிற்கிற வரைக்கும்தான் அவருக்கு விலக்கு.

வடிகால், பொதுக் கழிப்பறை, பொதுமக்களுக்கான தண்ணீர், மின்சார வேலைகளைக் கட்டுமானக் கணக்கில் சேர்க்கவில்லை. "பொது" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வீட்டுக் கொல்லையில் புதுசாகக் கட்டும் கக்கூசுக்கு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே இருக்கும். பக்கத்தில் இடம் விடச் சொன்னால் திண்ணையும் போகும், தாழ்வாரமும் போகும். அதனால்தான் தமிழ்நாடு அரசின் 2019 கட்டட விதிகளில், தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்த இடங்களில் பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை என்று சலுகை இருக்கிறது. நல்ல சலுகைதான். ஆனால் இதைக் காட்டி 100 மீட்டர் தடையைத் தாண்ட முடியாது. அதேபோல தொல்லியல் அனுமதி கிடைத்தாலும் நகராட்சியில் பிளான் அப்ரூவல் தனியாக வாங்கியாக வேண்டும். இரண்டும் வேறு வேறு வாசல்.

எத்தனை நாள் ஆகும்?

விண்ணப்பம் தகுதி பெற்ற அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளில் டெல்லியில் உள்ள தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் கருத்து சொல்ல வேண்டும். அதன்பின் 1 மாதத்தில் சரி அல்லது இல்லை என்று பதில் வர வேண்டும். சட்டத்தில் உள்ள கெடு இதுதான். கல்யாண தேதியை இதற்குத் தகுந்த மாதிரி வையுங்கள்.

வீடு 1992க்கு முன்பே இருந்தது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பழைய வீட்டு வரி ரசீது, பத்திரம், கரண்டு கார்டு எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் காஞ்சீபுரம், மாமல்லபுரம், வேலூர் பக்கத்தவர்கள் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் கேட்கலாம். தஞ்சாவூர், தாராசுரம் பகுதிக்கு 2020ல் உருவான திருச்சி வட்டம்.

அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த 200 மீட்டருக்கும் இதே தண்டனைதான்.

தாஜ்மகாலுக்கும் 100 மீட்டர், ஊர்க்கோடியில் இருக்கும் சின்னக் கல்லறைக்கும் 100 மீட்டர் என்பது நியாயமா? நியாயமில்லை என்றுதான் தோன்றுகிறது. பாராளுமன்ற நிலைக்குழுவும் 2023ல் இந்த அளவை மறுபடி யோசிக்கச் சொன்னது. 2018ல் லோக்சபாவில் நிறைவேறிய திருத்த மசோதா, மத்திய அரசின் பொதுப் பணிகளுக்கு வழிவிடத்தான் பார்த்தது. ஒழுகும் ஓட்டு வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்தப் பகுதியில் புதுசாக மனை, பழைய வீடு வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தூரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும். அதில் 100 மீட்டர் விஷயம் இருக்காது.