தூளிக்கு அடியில் அன்னத்தூவி

நாமக்கல் என்றால் முட்டை. கோடிக்கணக்கில் கோழி வளரும் மாவட்டம். அங்கிருந்து மலையேறினால் கொல்லிமலை, மார்கழி இரவில் நல்ல குளிர். அங்கே ஹேமக் (நம்ம தூளிதான், பெரியவர்களுக்கானது) கட்டித் தூங்க இறகு மெத்தை ஒன்று தைக்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்வி: "நாமக்கல்லில் கோழி இறகுக்கா பஞ்சம்?"

கோழி இறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் நடுவே தண்டு உண்டு, தட்டையாகப் படிந்துவிடும். குளிருக்கு உதவுவது வாத்தினப் பறவைகளின் மார்பில், மேலிறகுக்கு அடியில் இருக்கும் தூவி. ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் இழை விரிந்து காற்றைப் பிடித்து வைக்கும். சூடு காப்பது அந்தக் காற்றுதான். அதனால்தான் ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்று தரம் பார்க்கிறார்கள். 800 என்றால் உயர்ந்த சரக்கு.

தூவி என்ற சொல் தமிழில் ரொம்பப் பழசு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கணவனைப் போர்ப்பாசறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் விவரிக்கிறார். தந்தக் கட்டில். அதன்மேல், துணையோடு சேர்ந்த அன்னங்களின் வெண்தூவி அடைத்த அணை. பிற்காலத்தில் 'பஞ்ச சயனம்' என்று அடுக்கியவர்களும் அன்னத்தூவியோடு இலவம்பஞ்சையும் சேர்த்தார்கள்.

'துணையோடு சேர்ந்த' என்று ஏன் சொல்ல வேண்டும்? காதல் குறிப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் பல வாத்தினங்களில் ஜோடி சேர்ந்து முட்டையிடும் காலத்தில் பெட்டை தன் மார்புத் தூவியையே பறித்துக் கூட்டில் மெத்தை போடும். ஐஸ்லாந்தில் ஈடர் வாத்தின் தூவியை இன்றும் கூட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். அப்படி ஏதோ ஒரு கவனிப்பு அந்த வரிக்குப் பின்னால் இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, வாடைக்காற்றைப் பற்றிய பாட்டிலேயே தூவி வருகிறது. ஆனால் உடம்புக்கு அடியில் வருகிறது. மேலே படுத்தால் தூவி நசுங்கும், காற்று வெளியேறும், மென்மைதான் மிஞ்சும். நம்ம சமவெளிக்கு அது போதும். தூவியை நசுக்காமல் உடம்பைச் சுற்றிப் போர்த்த வேண்டிய தேவை குளிர் தேசங்களில்தான் வந்தது. 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபிஞ்ச் என்ற வேதியியலாளர், பலூன் துணியில் ஈடர் தூவி அடைத்த கோட்டைத் தைத்துக்கொண்டு போனார். கூட வந்தவர்கள் முதலில் கிண்டலடித்தார்கள். இதே ஃபிஞ்ச்தான் 1950களில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். அமெரிக்காவில் எட்டி பாயர் 1936ல் தூவி ஜாக்கெட் தைத்து, 1940ல் காப்புரிமை பெற்றார். ஜாக்கெட்டில் கட்டம் கட்டமாகத் தையல் போடுவது அழகுக்கு மட்டுமல்ல; தூவி சரிந்து ஓரிடத்தில் குவியாமல் இருக்கவும்தான்.

ஹேமக்கில் இந்த இரண்டும் சேர்கின்றன. ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தாலும் முதுகுப்பக்கம் நசுங்கி, கீழே வீசும் காற்று நேராக முதுகில் ஏறும். அதனால் மெத்தையை ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகிறார்கள். எடையை ஹேமக் துணி தாங்கிக்கொள்கிறது. மெத்தை உப்பலாகவே இருக்கும். பாண்டிமாதேவியின் அணை போல அடியில், ஃபிஞ்சின் கோட்டு போல நசுங்காமல்.

எதை அடைப்பது? நான் இலவம்பஞ்சுக்கே வந்து சேர்ந்தேன். அதன் இழை உள்ளே குழாய் போல வெற்றிடம், வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் எளிதில் ஏறாது. அதனால்தான் இரண்டு உலகப் போர்களிலும் மாலுமிகளின் மிதவை உடைகளில் அதை அடைத்தார்கள். குறை ஒன்று உண்டு: தூவியை மூட்டை கட்டிப் பிரித்தால் மறுபடி உப்பும், இலவம்பஞ்சு நாளாக நாளாகக் கட்டி பிடிக்கும். மெத்தைக்காரர்கள் பழைய பஞ்சை உதறி மறுபடி அடைப்பது இதற்குத்தான். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பிரித்துத் திணிக்க ஒரு வாய் விட்டுத் தைக்கிறேன்.

இலவு காத்த கிளி ஏமாந்தது பழத்துக்காகக் காத்திருந்ததால். பஞ்சுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றமே இல்லை.