டார்வின் மனையில் சமய வேற்றுமை

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எம் இல்லம் போந்து, தம் மகளுக்குப் பேசியிருக்கும் மணம்பற்றி ஐயமொன்றை எழுப்பினார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்து நெறியில் நிற்பது. மணமகன் வீட்டாரும் அந்நெறியினரே. அப்பிள்ளை ஞாயிறுதோறும் தம் அன்னையாரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்பவர். ஆயின் பெண்ணின் தமையனோடு தனித்துப் பேசுங்கால், தமக்குக் கடவுளைப்பற்றித் துணிபு யாதும் இல்லையென்றும், அன்னையார் மனம் நோகாமைப்பொருட்டே கோயில் புகுவதாகவும் கூறிவிட்டாராம். இதனைப் பெண்ணுக்குச் சொல்வதா, மறைப்பதா என்பது அன்பரின் வினா. மறைத்தலே நலம் என்பது அவர் வீட்டுப் பெரியோர் முடிவு.

யாம் பாடஞ் சொல்லும் தொழிலினேம். மணம் பேசும் தொழில் அறியேம். ஆதலின் விடை கூறாது, இதே வினா 1838-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு வீடொன்றில் எழுந்த வரலாற்றைச் சொன்னேம். கேட்டு முடித்தபின், இதனை நம் இதழில் வரைக என அவரே வேண்டினார்.

சார்ல்ஸ் டார்வின் என்னும் பெயரை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே கேட்டறிவர். உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவையல்ல, ஒன்றினின்று ஒன்று காலப்போக்கில் திரிந்து வந்தவை என்று 1859-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டு உலகைக் கலக்கியவர் அவர். அந்நூற்பொருளை ஆராய்தல் எம் நோக்கமன்று. அவர்தம் இல்லறமே ஈண்டுப் பொருள்.

அவர் 1809-ஆம் ஆண்டில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் இராபர்ட் டார்வின் பேர்பெற்ற மருத்துவர். உள்ளத்தில் சமய நம்பிக்கை இல்லாதவர். அதனை ஊரறியக் காட்டிக்கொள்ளாதவர். தாயார் சூசன்னா, திரித்துவக் கொள்கையை ஏலாது கடவுள் ஒருவரே எனக் கொண்ட யூனிட்டேரியர் குடியினர். குழந்தைகளைத் தம் சபைக்கே அவர் அழைத்துச் சென்றார். ஆயினும் மகனுக்கு ஞானஸ்நானம் நிகழ்ந்தது ஆங்கிலத் திருச்சபையில்! பின்னர் அத்தந்தையாரே மகனைக் குருத்தொழிலுக்கு ஆளாக்கக் கருதி 1828-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். நம்பாத தந்தை மகனைக் குருவாகப் படிக்கவைத்த விந்தையை என்னென்பது! அந்நாளில் அது மதிப்பும் ஓய்வும் தரும் பிழைப்பு, அவ்வளவே. மகனோ குருவாகாது பீகிள் என்னும் கப்பலேறி ஐந்தாண்டு உலகைச் சுற்றி, 1836-ஆம் ஆண்டில் மீண்டார். மீண்டபின் விவிலியத்துப் படைப்பு வரலாற்றிலும் அற்புதங்களிலும் அவருக்கு ஐயம் வேரூன்றத் தொடங்கிற்று.

அவர் மணக்க விரும்பிய நங்கை எம்மா வெட்ஜ்வுட். எம்மாவின் தந்தை ஜோசையாவும் டார்வினின் தாய் சூசன்னாவும் உடன்பிறந்தோர். நம் நாட்டு வழக்கிற் சொல்லின் எம்மா அவருக்கு மாமன் மகள், முறைப்பெண். (இம்முறை நம்மவர்க்கே உரியதென எண்ணியிருப்பார் வியப்பர்.) அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்து பக்தர். 1832-ஆம் ஆண்டில் தம் அருமைத் தமக்கை பேன்னியை இழந்தவர். அன்று முதல், மறுமையில் அவரைக் காண்போம் என்னும் நம்பிக்கையே அவருக்கு உயிர்நிலை.

மணம் பேசுமுன் டார்வின் தந்தையாரிடம் யோசனை கேட்டார். ஐயங்களை மனைவியிடம் மறைத்துவிடுக என்றார் தந்தையார். அதற்கு அவர் காட்டிய காரணம் மருத்துவர்க்கே உரியது. நோய் வரும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். இருவரில் ஒருவர் படுக்கையில் விழுந்தபின், கணவனுக்கு மீட்பில்லையே என மனைவி கலங்குவாள். அவள் கலக்கங்கண்டு கணவனும் நைவான். இத்தகைய துயரைத் தாம் பல வீடுகளிற் கண்டதுண்டு என்றார். நம் அன்பர் வீட்டுப் பெரியோர் கூறியதும் ஏறக்குறைய இதுவே. அவர்களை யாம் இகழோம். உலகியல் அறிந்தோர் சொல் அது.

மகன் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எம்மாவிடம் சொல்லிவிட்டார்.

மணம் உறுதியான சின்னாட்களில், 1838 நவம்பரில், எம்மா எழுதிய கடிதம் இன்றும் உளது. நேர்மையும் மனச்சான்றும் உடைய ஐயம் பாவமாகாது எனத் தம் அறிவு உரைப்பதாகவும், ஆயினும் தம்மிருவர்க்கும் இடையே அது நோவு தரும் ஒரு வெற்றிடமாகும் என அஞ்சுவதாகவும் எழுதினார். அவர் மறைக்காமைக்கு நெஞ்சார நன்றி கூறினார். தமக்குத் துன்பம் நேருமென்றஞ்சி அவர் கருத்தை ஒளிப்பாராயின் அதுவே தமக்குப் பேரச்சம் என்றார். இறுதியில், யோவான் நற்செய்தியில் இயேசுநாதர் சீடரிடம் விடைபெறும் பகுதியைத் தம்பொருட்டு ஒருமுறை படிக்குமாறு வேண்டிக்கொண்டார். அன்பர் எம்மை இருமுறை சொல்லச்சொல்லிக் கேட்டது இக்கடிதச் செய்தியையே.

1839 ஜனவரி 29-ஆம் நாள் மணம் நிகழ்ந்தது. சின்னாளில் எம்மா மற்றுமொரு கடிதம் எழுதினார். ஒரே மனையில் இருந்துகொண்டே கடிதம் எழுதுவானேன்? நேரிற் பேசின் நா எழாத செய்திகள் சில உள. மெய்ப்பிக்கப்படுமளவும் எதனையும் நம்பாத ஆராய்ச்சிப் பழக்கம், அங்ஙனம் மெய்ப்பிக்க இயலாத பொருள்களிலும் நும் உள்ளத்தை ஆட்கொள்ளலாகாதே என்று அதிற் கவன்றார். என்றென்றும் ஒருவர்க்கொருவர் உரியராகோம் என நினைக்கின் தமக்குத் துயரம் பெரிதாகும் என்றும் எழுதினார். அதனை டார்வின் வாழ்நாளெல்லாம் பேணி வைத்திருந்தார். தாம் இறந்தபின் மனைவி அறியுமாறு, அதனைப் பன்முறை முத்தமிட்டு அழுததாக அக்கடிதத்தின் கீழே குறித்தும் வைத்தார்.

ஈண்டுச் சொல்லொன்றை விளக்கிச் செல்வேம். கடவுள் இல்லையெனத் துணிந்தவரையும், உண்டோ இன்றோ அறியகில்லேன் என்பவரையும் நம்மவர் நாத்திகர் என்னும் ஒரு சொல்லாலேயே வழங்குவர். தமிழாசிரியராகிய எமக்கு இது பொறுத்தற்கரிய குறை. டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி 1869-ஆம் ஆண்டில் பின்னவர்க்கென 'அக்னாஸ்டிக்' என்னும் சொல்லை ஆக்கினார். அறியொணாக் கொள்கையர் என யாம் அதனைப் பெயர்ப்பேம். டார்வினும் 1879-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில், தாம் கடவுளை மறுக்கும் நாத்திகராக ஒருபோதும் இருந்ததில்லையென்றும், அறியொணாக் கொள்கையர் என்பதே பெரும்பாலும் தமக்குப் பொருந்துமென்றும் எழுதினார். அந்நாட்டு நியூமன் குடும்பத்திலோ உடன்பிறந்தார் மூவரும் மூன்று வழியினர்: மூத்தவர் ஜான் ஹென்றி 1845-ஆம் ஆண்டில் உரோமைச் சபை புகுந்து 1879-ஆம் ஆண்டில் கர்தினால் ஆனார், அடுத்த சார்ல்ஸ் நாத்திகர், இளையவர் பிரான்சிஸ் கடவுளை மட்டும் வைத்துக்கொண்டு கிறிஸ்து சமயக் கோட்பாடுகளைக் கைவிட்டார். கொள்கையில் ஒட்டாத அத்தமையனும் தம்பியும் நாத்திகச் சகோதரருக்கு வாழ்நாளெல்லாம் பொருளுதவி செய்தனர்.

டார்வின் இல்லத்துக்கு மீள்வேம். 1842-ஆம் ஆண்டில் அவர்கள் கெண்ட் நாட்டு டௌன் என்னும் சிற்றூரிற் குடியேறினர். ஞாயிறுதோறும் அம்மையார் மக்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வார்; கணவர் நாளடைவில் கோயில் புகுதலை விட்டு உலாவப் போய்விடுவார். ஆயினும் ஊர்க்குரு பிராடி இன்னிஸ் அவர்க்கு இனிய நண்பர். ஏழைகள்பொருட்டு அவ்வூரில் நிறுவிய உதவிச் சங்கத்துக்குப் பொருளாளராய் முப்பதாண்டு கணக்கெழுதியவர் டார்வினே. மற்றொன்றும் உண்டு. விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கால் சபையார் பீடத்தை நோக்கித் திரும்புவர். எம்மாவும் மக்களுமோ யூனிட்டேரியர் மரபு பற்றித் திரும்பாது நிற்பராம். நம்பாதவர் வெளியில் உலவ, நம்புவோரும் உள்ளே பிறரொடு மாறுபட்டு நின்ற குடும்பம் அது.

தந்தையார் எச்சரித்த நோய் 1851-ஆம் ஆண்டில் வந்தது. நோயுற்றவர் கணவரல்லர், பத்து வயது மகள் ஆனி. நீர்ச் சிகிச்சைக்கு மால்வர்ன் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றனர். நிறைசூலியாகிய எம்மா வீட்டிலிருக்க, டார்வின் குழந்தையின் படுக்கையருகிருந்து கடிதங்கள் விடுத்தார். ஏப்ரல் 23-ஆம் நாள் குழந்தை இறந்தது. அடக்கத்துக்கும் நில்லாது அவர் மனைவியிடம் விரைந்தார். ஒரு வாரத்தில் மகளின் நினைவுகளை எழுதி வைத்தார். அம்மையாரோ ஆனியின் எழுதுபெட்டியில் அவளுடைய சிறு பொருள்களை இட்டுத் தம் இறுதிவரை காத்தார். அழுகை இருவர்க்கும் ஒன்றே; ஆறுதல் ஒன்றன்று. மறுபடியும் காண்போம் என்பது தாய்க்கு உண்டு; தந்தைக்கு அது இல்லை. இச்சாவே அவர் நம்பிக்கையை அறுத்தது என்பார் உளர். யாம் அதனை முழுதும் ஒப்பேம். மெல்ல மெல்ல, துயரும் தோன்றாதவாறு அது தேய்ந்தது என்றே அவர் எழுதிவைத்தார்.

1861-ஆம் ஆண்டில், கணவர் பிணியால் வாடுங்கால், எம்மா மீண்டும் ஒரு கடிதம் எழுதினார். துன்பத்தைக் கடவுள் கையினின்று வருவதாகக் கொண்டு அவரிடம் முறையிடுதலே தமக்கு வழி, நும் உள்ளமும் அவ்வாறு திரும்புக என்று விழைந்தார். டார்வின் அதன் அடியில் எழுதியது ஒரு வாழ்த்து: கடவுள் நின்னை ஆசீர்வதிப்பாராக என்னும் கருத்தினது! நம்பாதவர் எழுதியதாகலின் அதனைப் பொய்யென்பதா? எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மனைவியின் மொழியிலேயே அவர்க்கு மறுமொழி தந்தார் என்க.

வீட்டில் மறைக்காத அவர், ஊரறியப் பேசாதிருந்தார். 1880-ஆம் ஆண்டில் எட்வர்டு ஏவ்லிங் என்னும் நாத்திக எழுத்தாளர் தம் நூலை அவருக்கு உரிமையாக்க இசைவு வேண்டியபோது மறுத்தார். சமயத்தை நேரே தாக்கின் தம் குடும்பத்தார் சிலர்க்கு நோவாகும் என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டு அதே ஏவ்லிங், புக்னர் என்னும் ஜெர்மானிய நாத்திகரோடு டௌன் வீட்டில் விருந்துண்ண வந்தபோது, அம்மையார் பழைய நண்பராகிய குரு இன்னிஸையும் அழைத்து உடன் அமர்த்தினார். அவ்விருந்தில் அன்பும் அச்சமும் எவ்வளவு பரிமாறப்பட்டிருக்கும்!

1882 ஏப்ரல் 19-ஆம் நாள் டார்வின் மறைந்தார். நாடு அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கியது. எம்மா அங்குச் செல்லாது ஊரிலேயே தங்கிவிட்டார்.

நாற்பத்துமூன்றாண்டு எழாத பூசல் அதன்பின் எழுந்தது. டார்வின் 1876-ஆம் ஆண்டில் தம் மக்களுக்கெனத் தன்வரலாறு எழுதியிருந்தார். நம்பாதோர்க்கு முடிவில்லாத் தண்டனை என்னும் போதனை உண்மையாயின், தம் தந்தையும் தமையனும் நண்பர் பலரும் அதற்கு ஆளாவரே எனக் கொதித்து, அப்போதனையைக் கடுஞ்சொல்லாற் பழித்திருந்தார். மகன் பிரான்சிஸ் அதனை வெளியிட முனைந்தபோது, அப்பகுதி வேண்டா என எம்மா குறிப்பெழுதினார். 1885-ஆம் ஆண்டில் மற்றுமொரு வாக்கியத்தை நீக்க மகனை வேண்டினார். தமக்கு நோவு தருவதொன்று, கணவரிடம் அன்புபூண்ட பக்தியுடைய நண்பரும் பழைய பணியாளரும் மனம் வருந்துவர் என்பது மற்றொன்று. மகள் ஹென்ரியெட்டா இன்னும் கடியவர். சமயம்பற்றிய பகுதிகளை வெளியிடின் வழக்குத் தொடுப்பேன் என்னுமளவும் பேசினார் எனத் தம்பி லெனர்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் குறையுடைய நூலே. நீக்கிய ஏறத்தாழ ஆறாயிரம் சொற்களைப் பேத்தி நோரா பார்லோ 1958-ஆம் ஆண்டிலேயே முழுதும் சேர்த்து வெளியிட்டார்.

தாயின் நோவை யாம் உணர்கின்றேம். ஆயினும், மறைக்காமைக்கு 1838-ஆம் ஆண்டில் நன்றி கூறிய அதே கை, கணவர் சொல்லை மறைக்க நேர்ந்ததே என வருந்தாதிருக்க இயலவில்லை. எம்மா 1896-ஆம் ஆண்டில் இறந்து டௌன் கோயில் வளாகத்தில் அடக்கமானார்.

மகளைப்பற்றிய செய்தி ஒன்று எஞ்சியது. 1915-ஆம் ஆண்டில், ஹோப் என்னும் சீமாட்டியொருவர், டார்வின் தம் முதுமையில் படுக்கையிலிருந்து விவிலியம் படித்ததையும் தம் கொள்கைக்கு இரங்கியதையும் தாம் நேரிற் கண்டதாகக் கதை பரப்பினார். பக்தர் பலர் மகிழ்ந்து அதனை ஏந்தினர். தந்தையின் நம்பாமையை உலகறியலாகாதென முன்னர்ப் போராடிய ஹென்ரியெட்டாவுக்கு இக்கதை எவ்வளவோ வாய்ப்பானது, வாளாவிருந்தாலே போதும். 1922-ஆம் ஆண்டில், தம் எழுபத்தெட்டாம் வயதில், அவர் ஒரு கிறிஸ்தவ இதழிலேயே மறுப்பெழுதினார்: தந்தை இறக்குங்கால் உடனிருந்தவள் யான், அச்சீமாட்டி அங்கு இருந்ததில்லை, தந்தை தம் ஆராய்ச்சிக் கொள்கை எதனையும் என்றும் கைவிட்டவரல்லர் என்பது அதன் சாரம்.