கழிக்கரையின் வேனில்

வசந்த ருதுவென்று காவியங்கள் வருணிக்கும் பருவத்தை மாந்தளிரும் குயிலோசையும் இன்றி நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. ஆயினும் புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலுள்ள மதுரங்குளியில் இறங்கி மேற்கே நடப்பவனுக்கு அப்பருவம் வேறொரு வேஷத்தில் தரிசனம் தரும். வாடையோடு வந்த மாரி தையில் ஓய்ந்து, கச்சான் காற்று வைகாசியில் எழுவதற்கு இடைப்பட்ட அச்சில மாதங்களில், மணல்மேட்டில் அடம்பன் ஊதாப் பூக்களை விரிக்க, வீதியோரத்து ஆவாரை பொன்னாய்ச் சொரிய, கழிமுள்ளி நீலங்காட்ட, கழி மெல்ல வற்றித் தன் ஓரங்களில் உப்பால் ஒரு வெண்கோடு இழுத்துக்கொள்ளும். இக்கரையின் பூர்வ சரித்திரத்தில் பெரும்பகுதி அக்கோட்டைச் சுற்றி நடந்ததே.

எனினும், இவ்வழியே போனதாக நாமறிந்த பழைய யாத்திரிகர் உப்பைவிட மிருகங்களையே நன்கு நினைவில் வைத்திருந்தார். 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்டுக் காற்றால் திசைமாறிப் புத்தளத்தில் ஒதுங்கிய இபுனு பதூதா, யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, சிவனொளிபாத மலைக்குத் தெற்கு நோக்கிப் புறப்பட்டபோது முதலில் தங்கிய ஊர் ‘மனார் மண்டலி’. அது நம் மதுரங்குளிக்கு அணித்தான முந்தல் பிரதேசமாகலாமென்று கருதுவோர் உளர். காட்டிலிருந்து உயிரோடு பிடித்துக் கொணர்ந்த எருமைக் கன்றுகளை அவ்வூரார் சமைத்துத் தமக்கு விருந்திட்டதையும், சிலாபத்துக்கு அப்பால் யானைகள் மலிந்திருந்தும் அவை யாத்திரிகரை நலியாததையும் அவர் சொல்லிச் செல்கிறார். இக்கரையின் பூக்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வந்தது வேனிலிலன்று, கச்சான் ஓயும் தறுவாயில் என்பதால் அக்குறையை மன்னித்துவிடலாம். அந்த யானைகளுக்குச் சாட்சிபோல, 2001இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் சாசனத்தில் இடம்பெற்ற ஆனைவிழுந்தான் குளங்களின் பெயர் நிலைத்திருக்கிறது.

உப்புக்கு வருவோம். கடலில்லாத கண்டி ராஜ்யத்தின் அடுப்புக்கு உப்புக் கொடுப்பதும் மறுப்பதும் தம் கையிலிருக்க வேண்டுமென்று கருதிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டையெழுப்பிக் கழியின் வாயிலைக் காவல்செய்தனர். இன்று கற்பிட்டியிலும் மன்னாரிலும் எவர்க்கும் உரித்தின்றித் திரியும் கழுதைகள், பழைய பொதி வணிகத்தின் எச்சம். அவற்றின் முன்னோரை அரபு வர்த்தகர் கொணர்ந்தனரென்பது ஐதிகம். வண்டியும் லொறியும் வந்து எஜமானரை இழந்த அப்பிராணிகள் பூத்த ஆவாரைக்கு நடுவே குட்டியோடு நிற்பதைக் காணும் அயலூரான் அவற்றைக் காட்டு மிருகமென்றே எண்ணுவான். இக்கரையில் எது வனம், எது வியாபாரம் விட்டுப்போன மிச்சம் என்று பிரிப்பது அத்தனை சுலபமன்று.

அந்தக் கற்பிட்டியிலேயே 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புலவர் சரிதங்களைத் தொகுத்து 1859இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலுக்காகவே தமிழுலகம் அவரைக் கொண்டாடுகிறது. நானோ, இருபத்தேழு வயதில் இத்தீவின் ஊர்களையும் ஆறுகளையும் அகராதிபோல் அடுக்கி 1834இல் அவர் தந்த நூலையே பெரிதென மதிப்பேன். அவர் காலத்தவரும் இலங்கையில் ஆங்கில அதிகாரியாயிருந்தவருமான எமர்சன் தெனன்ற், கற்பிட்டிக் கழி தொட்டு ஆதாம் பாலம் வரை அமைந்த நீரையும் கடற்பாசியையும் நாடிக் கடற்பசுக்கள் திரளாய் வந்ததை எழுதியதோடு, 1560இல் மன்னாரில் பிடிபட்ட ஏழு ‘கடற்கன்னியரை’க் கோவா ராஜப்பிரதிநிதியின் வைத்தியர் அறுத்துச் சோதித்த கதையையும் சேர்த்தார். கன்னியரென மயங்கப்பட்ட ஆவுளியா என்னும் அக்கடற்பசுவை இன்று புத்தளக் கழியில் காண்பது அபூர்வம். கற்பிட்டிக் குடாநாட்டுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் பங்குனி, சித்திரையில் திமிங்கிலங்களைக் காண்பதற்கோ பரதேசத்தார் கட்டணம் கொடுத்துப் படகேறுகின்றனர்.

முந்தல் ஏரியூடாகக் கற்பிட்டிக்குச் சென்ற ஒல்லாந்தர் கால்வாய், 1926இல் புத்தளத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் மவுசிழந்தது, பற்றைக்காடு தென்னந்தோட்டமானது. தலவில அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச் மாதத் திருநாளுக்கு மட்டும் ஜனங்கள் இன்றும் பூக்காலத்திலேயே இவ்வழி வருகின்றனர். ஆயின் எல்லாவற்றினும் கொடிய மாற்றம் 1980களில் நேர்ந்தது: கண்டலையும் உமரியையும் அழித்து இறால் குளங்கள் வெட்டப்பட்டன, 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால் மடிய, குளங்கள் பல கைவிடப்பட்டன. அவற்றின் உடைந்த வரம்புகளில் இப்போது உமரி சிவந்து தலைகாட்டுகிறது. ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வடக்கே திரும்புமுன் அச்சேற்றில் கடைசியாக மேய்கின்றன. வேலிக்கப்பாலிருந்து ஆறுமணிக் குருவி இரண்டொரு மாலை கூவிவிட்டுச் சித்திரை முற்றுமுன் அதுவும் போய்விடுகிறது.