சும்மா தந்த முப்பது டொலர்

போன வருசம் கன்ரீனில இருந்தபோது எங்கட பட்ச் பெடியன் ஒருத்தன் என்ர போனை வாங்கி ஒரு கிரிப்டோ வொலட்டை இறக்கித் தந்தான். "மச்சான், சேர்ந்தா போனஸ் வரும். நீ இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டா அதுக்கும் வரும்" எண்டான். போனஸ் வந்தது உண்மைதான். இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் திறந்து, ஏறுதா இறங்குதா எண்டு பார்த்தேன். ஆனால் அந்தக் காசால் அதே கன்ரீனில் ஒரு பிளேன்ரீகூட வாங்க முடியவில்லை. பிறகு போனில் இடம் நிரம்பினபோது முதலில் அழித்தது அதைத்தான்.

அழித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவன். கணினிக்காரனும் இல்லை, பொருளியல்காரனும் இல்லை. ஆனால் இது வரலாற்றுக் கேள்விதான். பிட்கொயின் வந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. பெயரைக் கேள்விப்படாத ஆக்கள் குறைவு. அப்படியிருந்தும் பாண் வாங்கப் போகிற சனம் ஏன் அதைக் கையில் எடுக்கவில்லை? எடுக்கவைக்க ஒருத்தரும் முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். ஒரு நாட்டின் அரசாங்கமே செய்தது.

ஊருக்கு ஒரு கொப்பி

2008 ஒக்டோபர் 31. அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் விழுந்து ஒன்றரை மாதம். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர், அல்லது ஒரு குழு, ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே இதை 'இலத்திரனியல் காசு' என்றுதான் சொல்லியிருந்தார். சேமிப்பு என்றோ முதலீடு என்றோ சொல்லவில்லை. ஆளுக்காள் கொடுத்து வாங்குகிற காசு என்பதுதான் தொடக்கத்து எண்ணம்.

கணினியில் காசு செய்வதில் ஒரு பழைய சிக்கல் இருந்தது. ஒரு பாட்டை நான் உங்களுக்கு அனுப்பினாலும் அது என்னிடமும் இருக்கும். காசு அப்படி இருந்தால் அது காசில்லை. அதனால்தான் வங்கி நடுவில் நின்று கணக்கு எழுதுகிறது. நகமோட்டோ சொன்ன வழி எங்கட ஊர்க்கடைக் கடன் கொப்பி மாதிரித்தான். ஆனால் கொப்பி முதலாளியிடம் மட்டும் இருக்காது. விரும்புகிற எல்லாரிடமும் அதே கொப்பியின் பிரதி இருக்கும். ஏறத்தாழ பத்து நிமிசத்துக்கு ஒருக்கா புதுப்பக்கம் எழுதப்படும். எழுதுகிறவருக்குக் கூலியாகப் புதிய பிட்கொயின் கிடைக்கும். யாரையும் நம்பத் தேவையில்லை என்பதுதான் இதன் பெருமை. இந்த 'நம்பத் தேவையில்லை' என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இவருக்கு முன்னரும் ஆக்கள் முயன்றார்கள். டேவிட் சௌம் என்ற கணினி அறிஞர் 1989 இல் டிஜிகேஷ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில்நுட்பம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் வரட்டும் என்று கடைகள் பார்த்திருக்க, கடைகள் சேரட்டும் என்று வாடிக்கையாளர் பார்த்திருந்தார்கள். 1998 இல் நிறுவனம் வங்குரோத்து. இந்த 'நீ முதல் வா, நான் பிறகு வாறன்' நோய் பின்னால் வந்த எல்லாரையும் பிடித்தது.

பீட்சாக் கடைக்குத் தெரியாத கதை

2010 மே 22 ஆம் திகதி புளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெக்ஸ் என்ற நிரலாளர் 10,000 பிட்கொயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்றைக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 40 டொலர். இன்றைய விலையைச் சொல்லிச் சிரிப்பதற்கே எல்லாரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனால் கவனிக்கவேண்டியது வேறு. பீட்சாக் கடை பிட்கொயினைக் கண்ணாலும் காணவில்லை. இணையத்தில் வேறொரு பெடியன் பிட்கொயினை வாங்கிக்கொண்டு, கடைக்குச் சாதாரணக் காசு கட்டிப் பீட்சாவை அனுப்பிவிட்டான். நடுவில் ஒரு ஆள் நின்றபடியால்தான் அந்த வியாபாரம் நடந்தது.

2014 இல் ஓவர்ஸ்டொக், டெல், மைக்ரோசொப்ட் என்று பெரிய நிறுவனங்கள் பிட்கொயினை ஏற்கத் தொடங்கியபோதும் கதை பெரும்பாலும் இதுதான். நடுவில் ஒரு நிறுவனம் நாணயத்தை வாங்கி டொலராக மாற்றிக் கொடுக்கும்.

சும்மா கொடுத்து ஆள் சேர்க்கிற பழக்கமும் 2010 இலேயே தொடங்கிவிட்டது. கவின் அண்ட்ரீசன் என்ற நிரலாளர் ஒரு இணையத்தளம் வைத்து, வருகிற ஆளுக்கு ஐந்து பிட்கொயின் இலவசமாகக் கொடுத்தார். பழகிப் பார்க்கட்டும் என்பது அவரின் நோக்கம். எங்கட கன்ரீன் போனசுக்குத் தாத்தா அதுதான்.

பிட்கொயினைக் காசாகவே பாவிக்கவேண்டிய கட்டாயம் முதலில் வந்தது யாருக்கு என்று பார்த்தால், அது நல்ல பதிலில்லை. 2011 இலிருந்து 2013 வரை நடந்த சில்க் ரோட் என்ற இணையச் சந்தையில் போதைப்பொருள் விற்றவர்களும் வாங்கியவர்களும்தான். வேறு எந்த வழியிலும் அவர்களால் காசு கட்ட முடியாது. அசௌகரியமான உண்மை என்றாலும் இதில் ஒரு பாடம் உண்டு: வேறு வழியில்லாதவன்தான் முதலில் வருவான்.

பிறகு இடம் போதாமல் போனது. கொப்பியின் பக்கம் சிறியது, செக்கனுக்கு ஏழு கொடுக்கல் வாங்கலுக்கு மேல் எழுத முடியாது. பக்கத்தைப் பெரிசாக்குவோம் என்று ஒரு பக்கமும், பெரிசாக்கினால் சாதாரண ஆக்களால் பிரதி வைத்திருக்க முடியாது என்று மற்றப் பக்கமும் வருசக்கணக்கில் சண்டை பிடித்தன. 2017 ஓகஸ்ட் 1 இல் ஒரு பகுதியினர் பிரிந்து பிட்கொயின் கேஷ் என்று தனியாகப் போனார்கள். அந்த வருச டிசம்பரில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுச் சந்தை பிட்கொயினை நிறுத்தியது. ஒரு தரம் காசு கட்டும் கட்டணமே 20 டொலர் அளவுக்கு ஏறியிருந்தது. இருபது டொலர் விளையாட்டுக்கு இருபது டொலர் கட்டணம் யார் கட்டுவது? சின்னக் கொடுப்பனவுகளைக் கொப்பிக்கு வெளியே முடித்துவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் கடைசியில் எழுதுகிற லைட்னிங் என்ற முறை 2018 இல் பாவனைக்கு வந்தது.

எல் சொன்தே பெடியள்

எல் சல்வடோர் மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. உள்நாட்டுப் போர் பார்த்த நாடு. வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் அனுப்புகிற காசு நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வாசிக்கும்போது எங்களுக்கு வேறொரு நாடு ஞாபகம் வராமல் இருக்காது. சொந்த நாணயத்தைக் கைவிட்டு 2001 இலிருந்து அமெரிக்க டொலரைப் பாவிக்கிறார்கள்.

அங்கே எல் சொன்தே என்றொரு கடற்கரைக் கிராமம். 2019 இல் பெயர் சொல்லாத ஒருவர் பிட்கொயின் நன்கொடை கொடுத்தார். நிபந்தனை ஒன்று: டொலராக மாற்றாமல் ஊருக்குள்ளேயே சுற்றவேண்டும். ஆறு, கடற்கரை துப்புரவாக்கிய பெடியளுக்குக் கூலி பிட்கொயினாகக் கொடுக்கப்பட்டது. கூலி வாங்கினவர்கள் கடைக்குப் போனார்கள். அங்கே சாப்பாடென்றால் புபூசா. சோளமாவில் தட்டி உள்ளுக்குச் சீஸோ போஞ்சியோ வைத்துச் சுடுவது. புபூசா விற்கிற பெண்களுக்கு போனைப் பிடித்துக் காட்டிப் பழக்கியது வெளியூர் நிபுணர்கள் இல்லை, அவர்களுக்கு முன்னால் வளர்ந்த பெடியள்தான். 2020 இல் கொரோனா வந்து உல்லாசப் பயணிகள் நின்றபோது குடும்பங்களுக்கு உதவிக் காசும் அதே வழியில் போனது. முழு ஊரும் மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண ஆக்கள் சாதாரணச் சாமான் வாங்கினார்கள்.

இதைக் காட்டித்தான் 2021 ஜூனில் ஜனாதிபதி நயிப் புகேலே பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கப்போவதாக அறிவித்தார். சில நாளிலேயே 84 பேர் கொண்ட சபையில் 62 வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. செப்டெம்பர் 7 இல் நடைமுறைக்கு வந்தது. வியாபாரிகள் ஏற்றே ஆகவேண்டும். சீவோ என்ற அரசாங்க வொலட் வந்தது. அங்கத்தைய பேச்சுவழக்கில் 'சீவோ' என்றால் எங்கட 'சுப்பர்' மாதிரி. அதை இறக்கிப் பதிந்த ஒவ்வொருவருக்கும் 30 டொலர் சும்மா. நாடு முழுக்க 200 தானியங்கி இயந்திரங்கள். மையமில்லாத காசை மையத்தில் இருந்த அரசாங்கமே, தன் கையால் நடத்துகிற செயலியில், சட்டத்தால் கட்டாயப்படுத்திக் கொடுத்தது.

நடந்தது என்ன? 2022 பெப்ரவரியில் மூன்று பொருளியலாளர்கள் 1,800 வீடுகளில் நேரில் போய்க் கேட்டார்கள். சீவோவைப் பற்றித் தெரிந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறக்கியிருந்தார்கள். ஆனால் இறக்கியவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் 30 டொலரைச் செலவழித்த பிறகு ஒரு கொடுக்கல் வாங்கல்கூடச் செய்யவில்லை. ஏற்ற வியாபாரங்கள் ஐந்தில் ஒன்று மட்டும். தொடர்ந்து பாவித்தவர்கள் பெரும்பாலும் படித்த, ஏற்கெனவே வங்கிக் கணக்குள்ள இளம் ஆண்கள். வங்கியில்லாத ஏழைகளுக்காக என்று சொல்லி வந்த ஒன்று வங்கியுள்ளவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் சொன்ன காரணங்கள் எளிமையானவை: கைக்காசு பிடிக்கும், இதை நம்ப முடியவில்லை.

நம்பாததில் பிழையும் இல்லை. தங்கள் அடையாள எண்ணைப் பாவித்து வேறு யாரோ 30 டொலரை எடுத்துவிட்டார்கள் என்று பலர் முறையிட்டார்கள். விலையும் ஆடியது. 2021 நவம்பர் உச்சத்தில் 30 டொலரைப் பிட்கொயினாக வைத்திருந்தவரிடம் அடுத்த வருசம் அதே மாதம் ஏழு டொலர் அளவுதான் மிஞ்சியிருக்கும். பிறகு விலை மேலே போனது உண்மை. ஆனால் சோளமா வாங்குகிற காசு வருசக்கணக்கில் காத்திருக்காது. 2025 ஜனவரியில், சர்வதேச நாணய நிதியத்தின் 1.4 பில்லியன் டொலர் கடன் உடன்பாட்டையடுத்து, வியாபாரிகள் ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அதே சபை நீக்கியது.

மோட்டச்சைக்கிளில வந்த அண்ணை

இதோடு வைத்துப் பார்க்கவேண்டியது கென்யா. 2007 மார்ச்சில் சபாரிகொம் நிறுவனம் எம்-பெசா என்ற கைப்பேசிக் காசைத் தொடங்கியது. 'பெசா' சுவாஹிலியில் காசு. எங்கட பைசாவுக்குச் சொந்தக்காரச் சொல். சிறுகடனைத் திருப்பிக் கட்டத்தான் முதலில் பரிசோதித்தார்கள். சனம் அதை ஊருக்குக் காசு அனுப்பப் பாவிப்பதைக் கண்டு, அதையே முன்னுக்கு வைத்தார்கள். தெருமுனைச் சின்னக் கடைக்காரர்கள் முகவரானார்கள். காசைக் கொடுத்தால் போனில் ஏறும், போனைக் காட்டினால் காசு வரும். அது மையமில்லாததல்ல, முழுக்க ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது. ஆனால் பிழைத்தால் போய்க் கேட்கக் கடையில் ஒரு முகம் இருந்தது.

எங்களுக்கும் ஒரு கதை உண்டு. 2021 கடைசியில் வங்கியில் டொலருக்குக் கொடுத்த விலைக்கும் வெளியில் கிடைத்த விலைக்கும் இடையில் பெரிய இடைவெளி. வெளிநாட்டிலிருந்து முறையான வழியில் இலங்கைக்கு வந்த காசு 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்தது, 2022 இல் 3.8 பில்லியனாக விழுந்தது. விழுந்ததில் ஒரு பெரும்பங்கு உண்டியலுக்குப் போனது. உண்டியல் சட்டத்துக்குப் புறம்பானது, மத்திய வங்கி எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் விளம்பரமும் இல்லாமல் போனசும் இல்லாமல் இவ்வளவு சனம் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. எங்கட ஒழுங்கைக்குள் அப்போது வந்தது பிட்கொயின் இல்லை, மோட்டச்சைக்கிளில ஒரு அண்ணை. அம்மம்மா அவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்டதேயில்லை. அவரின் தாயை அம்மம்மாவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் 'நம்பிக்கைதான் எல்லாம்' என்று முடித்துவிட எனக்கும் ஆசை. முடியவில்லை. எனக்கு வொலட் போட்டுத்தந்த அந்தப் பெடியன் தன்ர மூன்று மாத மகாபொலக் காசை ஏதோ ஒரு நாணயத்தில் போட்டான். அது பத்தில் ஒன்றாகிவிட்டது. அவனும் விளம்பரம் பார்த்துப் போடவில்லை. அவன் நம்பின ஒரு சீனியர் அண்ணை சொல்லித்தான் போட்டான். எல் சொன்தேயில் ஆக்களைச் சேர்த்ததும் தெரிந்த முகம்தான், இவனை விழுத்தினதும் தெரிந்த முகம்தான். யாரையும் நம்பத் தேவையில்லை என்று தொடங்கிய ஒன்று, தெரிந்தவர்களின் நம்பிக்கையைச் செலவழித்துத்தான் பரவுகிறது. அந்தக் காசு முடிந்தால் யாரும் போனஸ் தரமாட்டார்கள்.

எல் சொன்தேயில் கூலி முதலில் வந்தது, கடை பக்கத்தில் இருந்தது, வொலட் பிறகுதான் வந்தது. கன்ரீனில் எங்களுக்கு வொலட் முதலில் வந்தது, மற்றது எதுவும் வரவில்லை. அடுத்த முறை யாராவது உங்கட போனை வாங்கினால் எவ்வளவு ஏறும் எண்டு கேட்காதேங்கோ. இதால இங்க என்ன வாங்கலாம், பிழைச்சா ஆரிட்டப் போய்க் கேக்கிறது எண்டு கேளுங்கோ. நான் அண்டைக்குக் கேட்டிருந்தா அவனும் ஒருக்கா யோசிச்சிருப்பானோ தெரியாது.