பிக்சர், கணினிவழிக் கணிப்பு

யந்திரத்தில் உலோகத்தைச் செதுக்கும்போதும் துளையிடும்போதும் அதை அசையவிடாமல் இருத்திப் பிடிக்கும் சாதனம் பிக்சர் எனப்படும். பட்டறையில் 'ஜாப்' என்று வழங்கும் உலோகத் துண்டுக்கும், அதைத் தாங்கும் முனைகளுக்கும், அழுத்திப் பிடிக்கும் கிளாம்புகளுக்கும் இடையே எழும் விசைகளையும் நெளிவுகளையும், வெட்டு தொடங்குமுன்னரே கணினியால் அறிந்துகொள்ளும் முறை இங்கே கூறப்படுகிறது.

தத்துவம்: கட்டற்ற பொருளொன்றுக்கு மூன்று திசைகளில் நகர்ச்சியும் மூன்று அச்சுகளில் சுழற்சியுமாக ஆறுவித சுதந்திரம் உண்டு. அடியில் மூன்று முனை, பக்கவாட்டில் இரண்டு, ஓரத்தில் ஒன்று என வைத்து அவ்வாறையும் அடக்குவது '3-2-1' விதி. இதை வகுத்தவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்டுவதற்கில்லை. ஊர்ப்புறங்களில் மூன்று கல் கூட்டி ஏற்றிய பானை, தரை மேடுபள்ளமாயிருப்பினும் ஆடாது நிற்பதும், நான்காவது கல்லைச் சேர்த்தால் ஏதேனும் ஒரு கல் பானையைத் தொடாமல் வீணே நிற்பதும் இவ்விதியின் முதற்பகுதியன்றி வேறல்ல.

சரித்திரம்: தளத்திலமைந்த உருவத்தை உராய்வின் துணையின்றி அசையாது நிறுத்தக் குறைந்தபட்சம் நான்கு தொடுபுள்ளிகள் வேண்டுமென ஜெர்மானியரான ரூலோ 1875-இல் காட்டினார். முப்பரிமாணப் பொருளுக்கு ஏழு வேண்டும் என்ற முடிவை ருஷ்யரான சோமோவுக்கு உரியதாகச் சிலர் 1897-ஆம் ஆண்டுக் கட்டுரையையும், சிலர் 1900-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் காட்டிக் கூறுவர். 1978-இல் லட்சுமிநாராயணா அளித்த நிரூபணத்தை எடுத்தாள்வோரும் உளர். இம்முடிவுகளுக்கும் கணினிவழி ஆய்வுக்கும் இடைப்பட்ட காலத்தில் இக்கலை பெரும்பாலும் பிக்சர் செய்வோரின் கைப்பழக்கமாகவே இருந்து வந்தது.

1985 முதல் 2000 வரையிலான காலத்தில் இத்துறை விரிவாக ஆராயப்பட்டது. 1985-இல் ஆசாதாவும் பையும் எழுதிய கட்டுரை, ஜாப் எள்ளளவும் நெளியாத திடப்பொருள் என்று கொண்டு, முனைகள் எங்கே இருந்தால் அது ஒரே நிலையில் வந்து அமரும் என்பதைச் சமன்பாடுகளால் ஆராய்ந்தது. 1989-இல் சௌ, விஜய் சந்துரு, பராஷ் ஆகிய மூவரும் அதே அனுமானத்தின்மீது, நகர்ச்சியையும் சுழற்சியையும் ஒருங்கே குறிக்கும் திருகுக் கணிதத்தைப் பிரயோகித்தனர். ஆயின், மெல்லிய சுவருடைய அலுமினிய ஜாப்பை இறுக்கிச் சமமாகச் செதுக்கிய பின் டயல் கேஜை வைத்து ஓட்டினால் அசையாதிருக்கும் முள், கிளாம்பைத் தளர்த்தியதும் சில மைக்ரான் நகர்ந்துவிடுவதைப் பட்டறையில் நின்றவர் எவரும் அறிவர். இறுக்கத்தில் வளைந்திருந்த உலோகம் தன் இயல்புக்கு மீள, சமமாயிருந்த முகம் கோணிவிடுகிறது. இந்த நெளிவைக் கணக்கில் கொள்ள, ஜாப்பைப் பல சிறு கூறுகளாகப் பகுக்கும் 'ஃபைனைட் எலிமெண்ட்' முறையை 1987-இல் லீயும் ஹெய்ன்ஸும் கையாண்டனர். முனை தொடும் இடமே நெளிகிறது என்பதை மெல்கோட்டே முதலியோர் 1990-களின் இறுதியில் ஆராய்ந்தனர். முனைகளின் ஸ்தானங்களை, சிறந்தவற்றைக் கலந்து தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் மரபணு நெறிமுறையால் தேர்ந்தெடுக்கும் வழியை 2000-இல் கிருஷ்ணகுமாரும் மெல்கோட்டேவும் வெளியிட்டனர்.

பிற்காலம்: 2007-இல் பிரபாகரன், பத்மநாபன் முதலியோர் இந்த ஸ்தானத் தேர்வையும் ஃபைனைட் எலிமெண்ட் முறையையும் இணைத்துக் கையாண்டனர். 2009-இல் பத்மநாபன் முதலியோர் எறும்புக்கூட்ட நெறிமுறையைக் கையாண்டனர்: அரிசிமாக் கோலத்தை நாடிவரும் எறும்புகளுள் குறுக்குவழியில் வந்தவை விரைவில் போய்வருவதால் அவ்வழியில் வாசனை மிகுந்து, மற்றவையும் அதையே பற்றுவதுபோல, நெளிவு குறைந்த ஸ்தானங்களுக்குக் கணினி மதிப்பை ஏற்றிக்கொண்டே செல்லும். 2013-இல் செயற்கை நரம்பியல் வலையும் இத்தேர்வுக்குப் பயன்படுத்தப்பட்டது.

கருத்து வேறுபாடு: தொடுமிடத்து உராய்வுக்கு எந்த எண்ணைக் கொள்வது என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்திலர்; எண்ணெய்ப் பசையும் முகத்தின் சொரசொரப்பும் அதை மாற்றுகின்றன. வெட்ட வெட்ட ஜாப் மெலிந்து அதன் விறைப்பு குறைவதைச் சிலர் கணக்கில் சேர்ப்பர், சிலர் விடுத்துவிடுவர். வெட்டு நடக்கும்போதே உணரிகளின் அளவைக் கொண்டு கணிப்பைத் திருத்தும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன.